இணைக்கப்பட்டுள்ளது, ஆனால் இணையம் இல்லை!

மாணவர்களே, மடிக்கணினித் திரையின் கீழ் மூலையில் இந்த வாசகத்தை நீங்கள் ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள்: 'இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை'. பார்த்ததும் எரிச்சல்தான் வரும். இணைந்துவிட்டது என்றால் ஏன் இணையம் இல்லை? இணையம் இல்லை என்றால் அது எதனோடுதான் இணைந்திருக்கிறது? நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டிய இடுபணி பாதியில் நிற்கும். அண்ணன் ரூட்டரின் மின்கம்பியைப் பிடுங்குவார். அப்பா கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கச் சொல்வார். அக்காவோ, "என் கைப்பேசியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உன் கணினிதான் பழசு" என்பார்.

அந்த வாசகத்தில் முரண்பாடு எதுவும் இல்லை. அதில் இருப்பவை இரண்டு தனித்தனிச் செய்திகள். உங்கள் மடிக்கணினி, வீட்டின் மூலையில் விளக்குகளோடு மின்னிக்கொண்டிருக்கும் ரூட்டரைத் தொட்டுவிட்டது என்பது முதல் செய்தி. (நம் வீடுகளில் அந்தப் பெட்டியை 'மோடம்' என்றே அழைக்கிறோம்.) அதற்கு அப்பால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது என்பது இரண்டாவது செய்தி.

கணினியிலிருந்து ஓர் இணையத்தளம் வரையிலான பாதையைத் தொடர் மின்சுற்றைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். வானொலி அலையின் வழியே கணினி ரூட்டரைத் தொடுவது முதல் கண்ணி. வீட்டு வலையமைப்பில் அதற்கு ஒரு முகவரி கிடைப்பது இரண்டாவது. ரூட்டரிலிருந்து கண்ணாடி இழை வழியாகச் சேவை நிறுவனத்தை அடைவது மூன்றாவது. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றுவது நான்காவது. தொடர்சுற்றில் ஒரு விளக்கு எரியாவிட்டால் எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். அப்போது எல்லா விளக்குகளையும் மாற்ற மாட்டோம். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்போம். வீட்டுக் கணினிக்கும் அதேதான்.

ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களை மாற்றாதீர்கள் என்பது இதில் முக்கியமான விதி. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாம் நினைவிருக்கின்றன அல்லவா? ரூட்டரை அணைத்து, கடவுச்சொல்லையும் மாற்றி, நச்சுநிரல் தடுப்பு மென்பொருளையும் நீக்கிய பிறகு இணையம் வந்தால், எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதல் சோதனைக்கு எந்தக் கட்டளையும் தேவையில்லை. கோளாறு கணினியிலா, வீட்டு வலையமைப்பிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதே வைஃபையில் இருக்கும் ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தளம் திறக்கிறதா? திறந்தால் ரூட்டரும் அதற்கு அப்பால் உள்ள பாதையும் நலம் என்று முடிவுசெய்யலாம்.

ஆனால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும், பல கைப்பேசிகள் சத்தமில்லாமல் சிம் அட்டையின் தரவுக்கு மாறிவிடும். அக்காவின் கைப்பேசியில் காணொளி ஓடுவதைப் பார்த்து 'வைஃபை நன்றாக இருக்கிறது' என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கே ஓடுவது அக்காவின் மாதாந்தரத் தரவு. ஆகவே கைப்பேசியின் செல்தரவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பொருளே தூய்மையாக இல்லாவிட்டால் பரிசோதனைக்குப் பொருள் இல்லை.

அடுத்து, இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மடிக்கணினியை அதனோடு இணையுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்து, வீட்டு வைஃபையில் மட்டும் வேலை செய்யாவிட்டால், இந்தக் கணினிக்கும் அந்த ரூட்டருக்கும் இடையில் ஏதோ சிக்கல். இரண்டிலும் வேலை செய்யாவிட்டால், கணினிக்குள் தேடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வானொலி அலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒளியின் வேகத்தை அலைவெண்ணால் வகுத்துப் பாருங்கள்: முதலாவதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான். ஆனால் செங்கல் சுவரையும் சிமெண்டுத் தளத்தையும் கடக்கும்போது அதிகம் வலுவிழப்பது அதுதான். மாடி அறையில் தடுமாறும் கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு ரூட்டரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி சுவர்தான். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அம்மா குழம்பைச் சூடாக்கும்போதெல்லாம் இணையம் தடுமாறினால் வியப்படைய வேண்டாம். மடிக்கணினியின் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை யாராவது தெரியாமல் அழுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இது நிறைய நடக்கிறது.

வீட்டில் யாராவது அண்மையில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கணினி பழைய சொல்லையே நினைவில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த வலையமைப்பின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'ஃபர்கெட்' என்பதை அழுத்தி, புதிய சொல்லைக் கொடுங்கள். இந்த இடத்தில் ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. இன்று வீடுகளில் பயன்படும் பாதுகாப்பு முறையில், கடவுச்சொல் காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. கணினியும் ரூட்டரும் ஒன்றுக்கொன்று தற்செயல் எண்களை அனுப்பி, அவற்றையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் காட்டிக்கொள்கின்றன. விடை பொருந்தினால் இருவருக்கும் ஒரே சொல் தெரியும் என்று பொருள். இரகசியத்தைச் சொல்லாமலேயே, தெரியும் என்று நிரூபிக்கும் வழி இது.

இனி இரண்டாவது கண்ணி. 'இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை' என்னும் வாசகம் வரும்போது, நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

உங்கள் அடையாள அட்டையில் 12 இலக்க எண் இருக்கிறது. அது வாழ்நாள் முழுவதும் உங்களுடையது. தேர்வு மண்டபத்தில் நுழைந்ததும் உங்களுக்கு ஓர் இருக்கை எண் கிடைக்கிறது. அது அந்த மண்டபத்துக்கு மட்டும் உரியது. பக்கத்துப் பள்ளியின் மண்டபத்திலும் ஓர் ஐந்தாம் இருக்கை இருக்கும், அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். கணினிக்கும் இப்படி இரண்டு எண்கள் உண்டு. தொழிற்சாலையில் அதன் வலையமைப்பு அட்டையில் பதிக்கப்படும் எண் 'மேக்' முகவரி. வேடிக்கையாக, அதுவும் 12 இடங்கள் கொண்டதுதான். ஆனால் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் அதில் வரும். வீட்டு வலையமைப்பில் நுழையும்போது கிடைக்கும் இருக்கை எண்தான் 'ஐபி' முகவரி. பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டில் ஒரு 192.168.0.5 இருப்பதுபோல் எதிர்வீட்டிலும் ஒன்று இருக்கலாம். மண்டபம் வேறு என்பதால் குழப்பம் வராது.

பழைய ஐபி முறையில் மொத்தம் 4,294,967,296 முகவரிகள்தான் உண்டு. 2-ஐ 32 முறை பெருக்கினால் வரும் எண் இது. உலகிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் தனித்தனியாகக் கொடுக்க இது போதாது. அதனால்தான் வீட்டுக்குள் பயன்படுத்தவென்று சில எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. வெளியுலகத்துக்குப் பொதுவான ஒரு முகவரியை வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ளவர்கள் சார்பில் ரூட்டர் பேசுகிறது.

இருக்கை எண்ணைக் கொடுப்பது யார்? ரூட்டருக்குள் இயங்கும் 'டிஎச்சிபி' என்னும் சேவை. கணினி வைஃபையில் இணைந்தவுடன் நடக்கும் உரையாடல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கணினி எல்லாருக்கும் கேட்கும்படி கத்தும்.

"192.168.0.105 காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று ரூட்டர் கேட்கும்.

"வேண்டும், அதையே எடுத்துக்கொள்கிறேன்."

"சரி, 24 மணி நேரத்துக்கு அது உன்னுடையது."

காலக்கெடு ரூட்டருக்கு ரூட்டர் மாறும். முகவரி சொந்தமாவதில்லை, வாடகைக்குத்தான் கிடைக்கிறது. முகவரியோடு சேர்த்து, வெளியே போகும் வாசல் எது என்பதையும் ரூட்டர் சொல்லிவிடும். அந்த வாசல் பெரும்பாலும் ரூட்டரேதான்.

கணினி கத்தியும் யாரும் பதில் சொல்லாவிட்டால்? அது சும்மா இருப்பதில்லை. 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. "இந்த எண்ணில் யாராவது உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்து, யாரும் இல்லையென்றால் அதில் உட்கார்ந்துவிடும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. ரூட்டர் இல்லாத இடத்தில் இரண்டு கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இது உதவும். ஆனால் 169.254 முகவரியிலிருந்து வரும் எதையும் ரூட்டர் வெளியே அனுப்பாது. ஆகவே கணினிக்கு ஒரு முகவரி இருக்கிறது, இணையம் இல்லை. திரையில் அந்த வாசகம் தோன்றுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் கறுப்பு நிறக் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று எழுதுங்கள். ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி ஆகிய எட்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் இடைவெளி கூடாது. வரும் வரிகளில் வைஃபை என்னும் தலைப்புக்குக் கீழே இரண்டை மட்டும் பாருங்கள்: ஐபிவி4 முகவரி, டீஃபால்ட் கேட்வே என்னும் வாசல் முகவரி. அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கி, வாசல் காலியாக இருந்தால், ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அதே கட்டளைக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'ரினியூ' என்று சேர்த்து அழுத்தினால் கணினி மறுபடியும் கேட்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் ரூட்டரின் பக்கம் திரும்புங்கள். ரூட்டர் கொடுக்கக்கூடிய முகவரிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. சில வீடுகளில் அந்தப் பட்டியல் மிகவும் சுருக்கமாக அமைக்கப்பட்டிருக்கலாம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்கள் எல்லாம் முறுக்கோடு வைஃபை கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கியிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாலும், அவர்களின் கைப்பேசிகளுக்குக் கொடுத்த முகவரிகள் வாடகைக் காலம் முடியும்வரை அவர்கள் பெயரிலேயே இருக்கும். கடைசியாக வந்து கேட்கும் உங்கள் மடிக்கணினிக்கு இருக்கை இல்லை!

முகவரி 192.168 என்று தொடங்கினால் மட்டும் எல்லாம் சரி என்றாகிவிடாது. என் மாணவன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன். படிவம் நான்கில் படிக்கும் பையன். ஓர் ஞாயிற்றுக்கிழமை இரவு புலனத்தில் அழைத்தான்.

"டீச்சர், வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா ஒன்னுமே திறக்கல. எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

"என்னென்ன செஞ்சப்பா?"

நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை நீக்கியிருக்கிறான். வீட்டுக் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறான். அதனால் தாத்தாவின் கைப்பேசியிலிருந்து வாசலில் இருக்கும் கேமரா வரை எல்லாம் இணைப்பை இழந்துவிட்டன. வீட்டில் ஒரே சத்தம். அடுத்து விண்டோஸை முழுவதும் அழித்து மறுபடி நிறுவலாம் என்று உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடுபணிகள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

"ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பார்த்தியா?"

"அதுலயும் வரல டீச்சர். லேப்டாப் போயிருச்சு போல."

கணினியில்தான் கோளாறு என்பது வரை அவன் சொன்னது சரி. 'போயிருச்சு' என்பதுதான் அவசர முடிவு. ஐபிகான்ஃபிக் கொடுத்துப் படம் அனுப்பச் சொன்னேன். முகவரி 192.168.1.50, வாசல் 192.168.1.1 என்று இருந்தன. பார்ப்பதற்குச் சரியான முகவரிதான். பிறகு அதே வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாவின் கைப்பேசியில் வைஃபை விவரங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் வாசல் 192.168.0.1 என்று இருந்தது. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். மடிக்கணினி ஒரு மண்டபத்தின் இருக்கை எண்ணை வைத்துக்கொண்டு, வேறொரு மண்டபத்தில் நின்று, அங்கே இல்லாத வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

"யாராவது இதுல ஐபி நம்பரை மாத்தினாங்களா?"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னான். வெள்ளிக்கிழமை ரோபோட்டிக் பயிற்சியில், எல்லா மடிக்கணினிகளையும் ஒரே வலையில் சேர்ப்பதற்காக ஓர் அண்ணன் ஏதோ எண்களைத் தட்டினாராம். கையால் கொடுத்த எண் அப்படியே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு கணினி ரூட்டரிடம் முகவரி கேட்கவே இல்லை. அதனால்தான் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்யவில்லை. அமைப்புகளில் ஐபி ஒதுக்கீட்டை 'மேனுவல்' என்பதிலிருந்து 'ஆட்டோமேட்டிக்' என்பதற்கு மாற்றினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தாத்தாவின் கைப்பேசியைச் சரிசெய்யத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது.

முகவரியும் வாசலும் சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா? இப்போது 'பிங்' என்னும் கருவியை எடுங்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய சிறிய நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்புகிறதா என்று கேட்கும் அல்லவா? அந்த ஒலியின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று இது சொல்லும். விண்டோஸில் நான்கு முறை அனுப்பிப் பார்க்கும்.

அருகிலிருந்து தொலைவுக்கு என்ற வரிசையில் செல்லுங்கள். முதலில் பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஐபிகான்ஃபிக் காட்டிய வாசல் முகவரியை எழுதுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை பாதை நலம். அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். இது கூகள் நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் ஒரு சேவையின் முகவரி. பதில் வந்தால் உங்கள் வீட்டிலிருந்து இணையம் வரை பாதை திறந்திருக்கிறது. வாசல் பதில் சொல்லி, 8.8.8.8 பதில் சொல்லாவிட்டால், அறுந்த இடம் ரூட்டருக்கு அப்பால் இருக்கக்கூடும். அப்போது வீட்டில் எந்தக் கருவியிலும் இணையம் இருக்காது. செல்தரவை அணைத்த கைப்பேசியை வைத்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பதில் வந்தால் பாதை நிச்சயம் உண்டு. பதில் வராவிட்டால் பாதை இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சில ரூட்டர்களும் சில தளங்களும் பிங்குக்குப் பதில் தராதபடி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கும். கதவைத் தட்டித் திறக்காவிட்டால் வீட்டில் ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

பிங் காட்டும் மில்லிவினாடிகளில் இயற்பியலும் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்கிறது. வெற்றிடத்தில் செல்லும் வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்ப 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு விலை உயர்ந்த இணையத் திட்டத்தை வாங்கினாலும் 3 மில்லிவினாடிக்குக் குறைவாகப் பதில் வரவே முடியாது. இணைய விளையாட்டில் 'லேக்' என்று புலம்பும் நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்கிறதா? நான்காவது கண்ணிக்கு வந்துவிட்டீர்கள். கணினிகள் எண்களைத்தான் அறியும், பெயர்கள் மனிதர்களுக்காக ஏற்பட்டவை. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் சேவைக்கு 'டிஎன்எஸ்' என்று பெயர். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. அதற்கு முன்பு எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, எல்லாரும் அதை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. உங்கள் கணினியில் டிஎன்எஸ் முகவரி தவறாக இருந்தால், பாதை முழுவதும் திறந்திருந்தும் ஒரு தளமும் திறக்காது. கைப்பேசியில் எல்லாருடைய எண்களும் அழிந்துபோன நிலை இது. தொலைபேசிக் கோபுரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் யாரையும் அழைக்க முடியாது. இதையும் ஐபி ஒதுக்கீட்டைப் போல 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், ஒவ்வொரு தளமும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பயமுறுத்தினால், கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி 2015-ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. பழைய மேசைக் கணினிகளில், கடிகாரத்தை இயக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ரூட்டரை அணைத்துப் போடுவது தவறா என்று கேட்பீர்கள். தவறில்லை. ரூட்டரும் ஒரு சிறிய கணினிதான். நாள்கணக்கில் ஓடும்போது அதன் நினைவகத்தில் பழைய பட்டியல்கள் சேர்ந்து, மென்பொருள் திக்குமுக்காடும். அணைத்ததும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிய அரை நிமிடம் காத்திருந்து மீண்டும் போடுங்கள். ஆனால் அதற்கு முன்பே ஐபிகான்ஃபிக் படத்தை எடுத்துவிடுங்கள். அணைத்துப் போட்ட பிறகு தடயம் போய்விடும்.

அணைத்துப் போடுவது வேறு, ரூட்டரின் பின்னால் ஊசித் துளைக்குள் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை அழுத்துவது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் வீட்டின் இணையத்தையே இழந்தவர்கள் உண்டு. அந்தப் பொத்தானைப் பல வினாடிகள் அழுத்திப் பிடித்தால், ரூட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் வீட்டு வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அழியும். சில சேவைகளில், நிறுவனத்தோடு இணைவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டருக்குள்தான் எழுதப்பட்டிருக்கும். அவையும் அழிந்தால் ஒரு மடிக்கணினியின் கோளாறு குடும்பத்துக்கே கோளாறாகிவிடும். நிறுவனத்தின் பணியாளர் தொலைபேசியில் சொன்னால் தவிர, அந்தத் துளைக்குள் குண்டூசியை விடாதீர்கள்.

வீட்டில் எந்தக் கருவியிலும் இணையம் இல்லையென்றால், சுவரிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை எந்தப் பெட்டியில் நுழைகிறதோ அந்தப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். உங்கள் மடிக்கணினியில் எதை மாற்றியும் பயன் இல்லை. அந்த இழையைக் கழற்றி, அதன் முனையைக் கண்ணருகே வைத்து 'ஒளி வருகிறதா' என்று பார்க்கவே கூடாது. அதில் வருவது 1490 நானோமீட்டர் போன்ற அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போது 'வைஃபை வரல' என்று மட்டும் சொன்னால், அவர்கள் முதல் பக்கத்திலிருந்து கேள்விகளைத் தொடங்குவார்கள். எந்த நேரத்திலிருந்து இல்லை, எத்தனை கருவிகளில் இல்லை, எந்த விளக்கு என்ன நிறத்தில் இருக்கிறது, வாசலுக்கும் 8.8.8.8-க்கும் பிங் என்ன சொன்னது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுங்கள். அழைப்பதற்கு முன்பு இன்னொன்றையும் பாருங்கள். தொலைக்காட்சி மேசையையோ சோபாவையோ அன்று யாராவது நகர்த்தினார்களா? கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி வளைவில் கசிந்துவிடும். மேசைக்காலின் அடியில் மாட்டியிருந்தால் மெதுவாக விடுவித்து, அகலமான வட்டமாக இழையைச் சுற்றி வையுங்கள். ஒரு நிமிடத்தில் சிவப்பு விளக்கு அணைந்தால், நிறுவனத்தை அழைக்க வேண்டிய தேவையே இருக்காது.